வைரஸோடு வரும் சிறுநீரகம்

மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் தாங்கும். ஈரலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். அதற்குள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வர வேண்டும், யாருக்கு என்று தீர்மானிக்க வேண்டும், அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மருத்துவமனைக்கு வரவழைக்க வேண்டும். பரிசோதனைத் தாளில் 'ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த ஓட்டமெல்லாம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே அதே தொற்று உள்ள நோயாளி யாராவது பட்டியலில் இருந்தால் அவருக்குப் போகும்; இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். அமெரிக்காவில் 2005 முதல் 2014 வரை இப்படி வீணாய்ப் போன சிறுநீரகங்கள் ஆயிரக்கணக்கில். அதே நாட்டில் இன்றும் ஏறத்தாழ 90,000 பேர் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அன்று அவற்றை ஒதுக்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அந்தப் பணிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹவுட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைரஸைக் கண்டறிந்த இரண்டே ஆண்டுகளில், தொற்றுள்ளவரின் உறுப்பு வழியாக அது பெறுபவருக்குள் போய்விடுகிறது என்பதை பாஸ்டனில் பிரையன் பெரேராவும் அவருடைய சகாக்களும் நிறுவினார்கள். உறுப்பு பெற்றவர்களில் பலருக்கு ஈரல் நோய் வந்தது.

அப்போது கையில் இருந்த மருந்து இன்டர்ஃபெரான். மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டு வரை ஊசி. காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு, ரத்த அணுக்கள் குறைவது என்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாலும் குணமாகும் என்ற உறுதி கிடையாது. மாற்று உறுப்பு பெற்றவருக்கோ இதைவிடப் பெரிய சிக்கல். இன்டர்ஃபெரான் உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பி வைரஸோடு மோதவிடும் மருந்து. புதுச் சிறுநீரகம் பெற்றவர் வாழ்நாள் முழுக்க அந்த எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அவருக்கு இன்டர்ஃபெரான் போட்டால் வைரஸோடு சேர்த்துச் சிறுநீரகத்தையும் உடல் தாக்கத் தொடங்கும். ஆகவே தொற்றைக் கொடுத்துவிட்டால் பிறகு அதைத் தீர்க்க வழியே இல்லை என்பதுதான் அன்றைய நிலை.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தபோது இந்தக் கணக்கு அடியோடு மாறியது. ஹெபடைடிஸ் சி வைரஸ் தனக்கு வேண்டிய புரதங்களையெல்லாம் ஒரே நீளச் சங்கிலியாகச் செய்துகொண்டு, பிறகு ஒரு நொதியால் அதைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். தன் மரபுச் சரத்தை நகலெடுக்க அதற்கு வேறொரு நொதி வேண்டும். நகலெடுக்கும் வேலையை ஒழுங்குபடுத்தி நடத்த மூன்றாவதாக ஒரு புரதம். புது மாத்திரைகள் இந்த மூன்றில் ஏதாவது இரண்டை, சிலவேளை மூன்றையுமே நேராகப் போய் முடக்குகின்றன. உடலின் எதிர்ப்பாற்றலை அவை தொடுவதே இல்லை. எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் முழுமையாகக் குணமாகிறார்கள்.

முழுமையாக என்று சொல்வதற்கு வைரஸின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி நம் செல்லின் உட்கருவுக்குள் நுழைவதில்லை. உட்கருவுக்கு வெளியிலேயே இருந்து பெருகுகிறது. பெருக்கத்தை நிறுத்திவிட்டால் இருப்பவை அழிந்துபோகும், ஒளிந்துகொள்ள இடமில்லை. எச்.ஐ.வி. அப்படியல்ல. அது தன் மரபுச் செய்தியை நம் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி-யும் உட்கருவுக்குள் ஒரு வளையமாகத் தங்கிவிடும். முன்னது வீட்டுக்கு வாடகைக்கு வந்தது. பின்னவை இரண்டும் பத்திரத்திலேயே பெயரை எழுதிக்கொண்டவை. அதனால்தான் எச்.ஐ.வி.யையும் ஹெபடைடிஸ் பி-யையும் மருந்தால் அடக்கி வைக்கலாம், ஹெபடைடிஸ் சி-யை வெளியேற்றியே விடலாம்.

மருந்து வந்த அதே ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் போதை ஊசிகளால் சாகிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஹெராயின், பிறகு ஃபென்டனில். மூச்சு நின்று, மூளை செத்து, செயற்கைச் சுவாசத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ தொடாத சிறுநீரகம், நல்ல இதயம். ஆனால் ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் பலருக்கு ஹெபடைடிஸ் சி. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தானத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகும் அந்த உறுப்புகள் வீணாயின என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. தொற்றுள்ள உறுப்பைப் பொருத்தும் சிகிச்சை பிறந்த கதையைச் சொல்லும்போது அந்தக் குடும்பங்களை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் கோல்ட்பர்க், பீட்டர் ரீஸ் என்ற இரு மருத்துவர்கள் 2016-இல் 'திங்க்கர்' என்ற பெயரில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஹெபடைடிஸ் சி இல்லாத, டயாலிசிஸில் இருக்கிற நோயாளிகளுக்கு அந்தத் தொற்று உள்ள சிறுநீரகத்தைத் தெரிந்தே பொருத்துவது, பிறகு மருந்து கொடுத்துக் குணப்படுத்துவது என்பது திட்டம். வேண்டுமென்றே ஒரு நோயைக் கொடுக்கிறோம் என்பதால் சம்மதம் வாங்கும் முறையைப் பல கட்டங்களாக வைத்திருந்தார்கள். ஒரே நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. மருந்தாக எல்பாஸ்விரும் கிராசோபிரெவிரும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு சோஃபோஸ்புவிரைக் கொடுக்க அப்போது தயக்கம் இருந்தது.

முதலில் பத்துப் பேர். அறுவை முடிந்த மூன்றாம் நாள் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது பத்துப் பேருக்கும் வைரஸ் இருந்தது. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அந்த முடிவைப் படுக்கையில் இருந்தவரிடம் போய்ச் சொல்வது எளிதாக இருந்திருக்காது. உடனே மாத்திரை தொடங்கப்பட்டது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பத்துப் பேரும் குணம். மேலும் பத்துப் பேரைச் சேர்த்து 2018-இல் முடிவை வெளியிட்டபோது இருபதுக்கு இருபதும் குணமாகியிருந்தார்கள். புதுச் சிறுநீரகங்கள், தொற்றில்லாத கொடையாளரின் சிறுநீரகங்களுக்கு இணையாகவே வேலை செய்தன. பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியவர்கள் சில வாரங்களிலேயே அறுவைக்குப் போனார்கள், அந்தச் சிறுநீரகங்களைக் கேட்க வேறு ஆள் இல்லை.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கிறிஸ்டின் டுராண்டும் நிரஜ் தேசாயும் இன்னும் ஒரு படி முன்னே போனார்கள். வைரஸ் ரத்தத்தில் தெரியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று, அறுவைக்கு முன்பே முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று நிலைக்கவில்லை. பாஸ்டனில் ஆன் வூலியின் குழு இதே வழியை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கொண்டுபோனது. 44 பேர். அவர்களில் 36 பேருக்கு நுரையீரல், 8 பேருக்கு இதயம். அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே மாத்திரை, அதுவும் பன்னிரண்டு வாரம் அல்ல, நான்கே வாரம். ஆறு மாதம் நிறைவு செய்த முதல் 35 பேரும் உயிரோடு இருந்தார்கள், யார் ரத்தத்திலும் வைரஸ் இல்லை.

டொரண்டோவில் நடந்தது இவை எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைக்கிறது. அங்கே நுரையீரலை உடலுக்கு வெளியே வைத்து உயிரோட்டத்தோடு காப்பாற்றும் ஒரு முறையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். கண்ணாடி போன்ற கூட்டுக்குள் நுரையீரல் இருக்கும். கீழே குழாய் வழியாகச் சத்துக் கரைசல் உடல் வெப்பத்தில் உள்ளே போய் வெளியே வரும். மூச்சுக்கருவி காற்றைச் செலுத்த, அது விரியும், சுருங்கும். மார்செலோ சைபெல் குழுவினர் வெளியே வரும் கரைசலைப் புற ஊதாக் கதிர் படும்படி செலுத்தி, அதில் மிதக்கும் வைரஸைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். வைரஸ் அளவு குறைந்தது. ஆனால் கதிர் பட்ட நுரையீரல்களைப் பெற்ற 11 பேரில் இருவருக்கு மட்டுமே தொற்று வராமல் தடுக்க முடிந்தது. கழுவிக் களைவதால் மட்டும் காரியம் ஆகாது என்று தெரிந்தது.

அதே நகரில் ஜோர்டன் ஃபெல்ட் எடுத்துக்கொண்ட வழி வேறு. ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று, கொழுப்பை உள்ளே இழுக்கும் ஒரு புரதம். அந்தப் புரதத்தை அடைக்கும் மருந்து ஏற்கெனவே மருந்துக்கடையில் இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்குத் தருகிற எசெடிமிப் என்ற மாத்திரை. அதையும் வைரஸ் மருந்தையும் சேர்த்து, அறுவைக்கு முன் ஒரு வேளை, பிறகு ஏழு நாள் என்று கொடுத்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில் உறுப்பு பெற்ற 30 பேரில் யாருக்கும் தொற்று நிலைக்கவில்லை. எட்டு நாள் மாத்திரை! இன்டர்ஃபெரானோடு ஓராண்டு போராடிய நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் இன்னும் பணியில் இருக்கும்போதே இது நடந்திருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. எவ்வளவு நல்ல மருந்து இருந்தாலும், நோயுள்ள உறுப்பை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும், நல்லதாக ஒன்று வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? காத்திருப்பதற்கு ஆபத்தே இல்லை என்று எண்ணிக்கொண்டுதான் இப்படிக் கேட்கிறோம். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் வாழ்க்கையில், ஒவ்வோர் ஆண்டு போகும்போதும் இதயம் பலவீனப்படுகிறது. ஆக, தொற்றுள்ள சிறுநீரகத்தை ஒப்பிட வேண்டியது தொற்றில்லாத சிறுநீரகத்தோடு அல்ல, சிறுநீரகமே இல்லாமல் கழியும் அந்த ஆண்டுகளோடு.

காத்திருப்பதன் ஆபத்தைப் புரிந்துகொள்ள 2007-இல் சிகாகோவில் நடந்ததையும் பிறகு அதன் விளைவாக வந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே ஒரே கொடையாளரின் உறுப்புகள் வழியாக நான்கு பேருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவிவிட்டன. கொடையாளரின் ரத்தப் பரிசோதனை 'தொற்றில்லை' என்றே சொல்லியிருந்தது. தொற்று வந்த புதிதில் உடல் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யத் தொடங்கியிருக்காது. அவற்றைத் தேடும் சோதனை அந்த நாட்களில் ஏமாந்துபோகும். வைரஸின் மரபுச் சரத்தையே நேராகத் தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனை பிறகு பரவலாக வந்தது, கண்ணுக்குத் தப்பும் காலம் ஒரு வாரத்துக்குள் சுருங்கியது. ஆனால் அச்சம் சுருங்கவில்லை. போதை ஊசி போட்டவர், சிறையில் இருந்தவர் போன்றோரின் உறுப்புகள் மீது 'ஆபத்து அதிகம்' என்ற முத்திரை விழுந்தது. தொற்றில்லை என்று சோதனை தெளிவாகச் சொன்ன உறுப்பைக்கூட நோயாளிகள் வேண்டாம் என்றார்கள். அப்படி மறுத்தவர்களை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே வேறு கொடையாளரின் சிறுநீரகம் கிடைத்திருந்தது. ஒரு முத்திரைச் சொல் இவ்வளவு உயிர்களை வாங்கும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 2020-இல் அமெரிக்க அரசு அந்த முத்திரையை விதியிலிருந்தே எடுத்துவிட்டது.

எச்.ஐ.வி. உள்ள உறுப்புகளைப் பொருத்தும் கதை கேப் டவுனில் தொடங்குகிறது. 1967-இல் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த அதே குரூட் ஸ்கூர் மருத்துவமனை. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் எல்லோருக்கும் கிடைக்காது. மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதி உள்ளவருக்கே இடம் தருவார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அன்று மாற்று உறுப்பு இல்லை, ஆகவே டயாலிசிஸும் இல்லை. சிறுநீரகம் பழுதானால் வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான். மறுபக்கம், எச்.ஐ.வி. இருந்ததால் ஒதுக்கப்பட்ட மூளைச்சாவுக் கொடையாளர்களும் அங்கே இருந்தார்கள். எல்மி முல்லர் என்ற அறுவை மருத்துவர் 2008-இல் இந்த இரண்டையும் இணைத்தார். எச்.ஐ.வி. உள்ளவரின் சிறுநீரகத்தை எச்.ஐ.வி. உள்ளவருக்கே பொருத்தினார். 2015-இல் 27 பேரின் கதையை அவர் வெளியிட்டபோது, ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 74 சதவீதம் என்று கணக்கிடப்பட்டிருந்தது. அவர்களுக்கு இருந்த மாற்று வழி என்ன என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அந்த அறுவை 1988 முதல் சட்டப்படி தடை. டோரி செகெவ் போன்ற மருத்துவர்கள் வாதாடி, 2013 நவம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட 'ஹோப்' சட்டம் ஆராய்ச்சியாகச் செய்ய வழிவிட்டது. ஐயங்கள் வலுவானவையாக இருந்தன. கொடையாளரின் வைரஸ் வேறு வகையாக, மருந்துக்கு அடங்காததாக இருந்தால்? ஒருவருக்குள் இரண்டு வைரஸ் சேர்ந்தால்? 26 மருத்துவமனைகளில் 198 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2024 அக்டோபரில் வெளியானது. பாதிப்பேர் எச்.ஐ.வி. உள்ள கொடையாளரின் சிறுநீரகத்தையும், மறுபாதிப்பேர் எச்.ஐ.வி. இல்லாதவரின் சிறுநீரகத்தையும் பெற்றவர்கள். ஓராண்டில் உயிரோடு இருந்தவர்கள் 94-க்கு 95 சதவீதம், மூன்றாண்டில் 85-க்கு 87. பெரிய வேறுபாடு இல்லை. ரத்தத்தில் வைரஸ் மீண்டும் தலைகாட்டியது முதல் பிரிவில் 13 பேருக்கு, இரண்டாவதில் 4 பேருக்கு. ஆனால் எவருக்கும் மருந்து நிரந்தரமாகக் கைவிட்டுப்போகவில்லை. இரண்டாவது வைரஸ் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஐயப்பட இடம் இருந்தது ஒரே ஒருவரிடம்தான். அடுத்த மாதமே, சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் 'ஆராய்ச்சியாக மட்டும்' என்ற கட்டு நீக்கப்பட்டது. இதயமும் நுரையீரலும் இன்னும் ஆராய்ச்சிக்குள்தான்.

இதில் மருத்துவர்களைத் திணறடிப்பது பல நேரங்களில் வைரஸைவிட மாத்திரைகள்தான். உறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைப் பொதுவாக நாளுக்கு இரு வேளை சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி.க்கான சில கூட்டு மருந்துகளில் ரிட்டோனாவிர் இருக்கும். அது ஈரல் டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றுவதைத் தடுத்துவிடுகிறது. அப்போது வாரத்துக்கு ஒரு சிறு மாத்திரையே போதுமானதாகிவிடும். வழக்கமான அளவைக் கொடுத்தால் நஞ்சாகும். டொலுடெகிராவிர் போன்ற புது மருந்துகள் வந்தபிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

ஜோகன்னஸ்பர்கில் 2017-இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பதின்மூன்று மாதக் குழந்தை, ஈரல் பழுது. கொடையாளர் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் 181 நாள் ஆகிவிட்டது. தாய் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வந்தார், அவருக்கு எச்.ஐ.வி. குழந்தைக்கு இல்லை. குழந்தையைச் சாகவிடுவதா, எச்.ஐ.வி.யோடு வாழவிடுவதா என்ற நிலையில் மருத்துவர்கள் அறுவையைச் செய்தார்கள். முன்கூட்டியே குழந்தைக்கு எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கினார்கள். 43-ஆம் நாள் குழந்தையின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் தென்பட்டன. ஆனால் எவ்வளவு நுட்பமாகத் தேடியும் வைரஸ் அகப்படவில்லை. அந்தப் புரதங்கள் தாயின் ஈரலோடு வந்தவையா, குழந்தைக்குத் தொற்றியதன் அடையாளமா என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அப்படியே எழுதி வெளியிட்டார்கள். நான் இந்தத் துறையை மதிக்கிற காரணங்களில் இந்த நேர்மையும் ஒன்று.

எல்லாம் நன்றாக முடிந்த கதைகள் மட்டுமே இருக்கின்றன என்று நினைக்கக் கூடாது. ஹெபடைடிஸ் சி சோதனைகளில் மருந்து தயாராக, இலவசமாக இருந்தது. இந்த அறுவை அன்றாட நடைமுறைக்குள் வந்தபோது அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்தது. எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலில் வைரஸ் அத்தனை வேகமாகப் பெருகும். மருந்து தள்ளிப்போன சிலருக்கு, பித்தநீர் தேங்கி ஈரல் வேகமாகத் தழும்பேறும் கடுமையான நிலை வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. காரணம் வைரஸ் என்று சொல்வதைவிடத் தாமதம் என்று சொல்வதே சரி. சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். அந்த விலைதான் அனுமதிக் கடிதங்களை இவ்வளவு நீளமாக்கியது.

இந்தியாவில் அந்தத் தடை இல்லை. 2014-இல் உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை அமெரிக்க விலையில் மிகச் சிறு பங்குக்குத் தயாரிக்கின்றன. 2018 ஜூலை முதல் தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானம் 2008 முதல் அரசின் ஒழுங்கோடு நடந்துவருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் ஹெபடைடிஸ் சி பிறரைவிட அதிகம் காணப்படுவதும் இங்கே புதிய செய்தி அல்ல. அமெரிக்காவில் அப்படிப்பட்ட நோயாளிகள் பலருக்கு, ஈரல் தாங்கும் என்றால், வைரஸ் மருந்தைச் சற்றே தள்ளிப்போட்டு, தொற்றுள்ள சிறுநீரகத்தை முதலில் பொருத்திவிட்டு, பிறகு பழைய தொற்றையும் சிறுநீரகத்தோடு வந்த தொற்றையும் ஒரே மருந்தால் குணப்படுத்துகிறார்கள். தொற்றில்லாதவருக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன் இங்கே தொடங்கத் தக்க இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எதைத் தொடங்கினாலும், முழு மருந்தும் நோயாளியின் பெயரில் மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேர்ந்த பிறகே அறுவை அறைக் கதவு திறக்க வேண்டும். கொடையாளருக்கு என்ன இருந்தது, தனக்கு என்ன வரும், அது எப்படிப் போகும் என்பதை நோயாளியும் அவர் வீட்டாரும் தங்கள் மொழியில் கேட்டு, வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு என்று தெரிந்து, அதன்பிறகு கையெழுத்திட வேண்டும். மறுத்தவருக்குப் பட்டியலில் இருக்கும் இடம் ஒரு படிகூட இறங்கக் கூடாது.